நிற்கிற வண்டிக்கு எண்ணெய்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் ஒரு சொட்டு இருந்தது.

கார் ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவுக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவில், முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்திருந்த வெள்ளைத் தரையில், மிளகளவுக்கு, கலங்கின தேன் நிறத்தில், விளிம்பு கலையாமல் உட்கார்ந்திருந்தது. குனிந்து விரலால் தொட்டாள். வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். சமையல் எண்ணெய் இல்லை. எஞ்சின் ஆயில்.

"எங்கேருந்து வந்தே நீ?" என்று அதனிடமே கேட்டாள். தனியாக இருக்கிறவளுக்குப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

துணியை எடுத்துவந்து துடைத்தாள். துடைத்த பிறகுதான் உறைத்தது. இந்த வழியாக எண்ணெய் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவர் போய்ப் பத்து மாதம்.

பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருஷம் எஞ்சின் பிரிவில் இருந்தவர் அவள் புருஷன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஃபோர்மேன். வலது பக்கம் வாதம் வந்து விழுந்த பிறகு இரண்டு வருஷம் படுக்கையிலேயே கிடந்தார். உள்ளங்கால் மரத்துப்போச்சு, வாய் கொஞ்சம் கோணிப்போச்சு, ஆனால் ஷெட்டில் நின்ற பழைய கார் மேல் இருந்த பிடிப்பு மட்டும் இம்மி குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இடது கையில் ஸ்பூனை எடுத்துக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவார். டிங். டிங்.

"எண்ணெய் பாத்தியா?"

"இன்னும் பல்லுகூட விளக்கல."

"பல்லு எங்கயும் போகாது. எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடி பாக்கணும்."

அவள் போய் பானெட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கிற, நுனியில் இரண்டு கோடு போட்ட கம்பியை உருவி, துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுப்பாள். அதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடிதான். அப்புறம் அதை அவரிடம் கொண்டுபோக வேண்டும். தரையில் சொட்டக்கூடாதே என்று மெழுகுவத்தி ஏந்துகிற மாதிரி நுனியை மேலே வைத்து, கைப்பிடிக்குக் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடப்பாள். அவர் இடது கையால் வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பார். கட்டைவிரல் நகம் பாதிதான் இருக்கும். என்றைக்கோ ஒரு ஃபேன் பெல்ட் தின்ற மீதி.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்குக்கூட என் மூஞ்சிய இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கல நீங்க."

"உன் மூஞ்சில கோடு போட்டிருக்கலையே."

பிறகு, "நிறைய இருக்கு. போய் வை" என்பார். வாரத்தில் அந்த அரைமணி நேரம்தான் அவர்கள் சிரித்தது. மற்ற நேரமெல்லாம் மாத்திரை. கண்ணாடி இல்லாமலே மாத்திரை அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒன்றுவிடாமல் படித்து, "காலாவதி ஆகப்போறது நானா இதுவான்னு பாக்கறேன்" என்பார். "முதல்ல வாயில போடுங்க" என்று அவள் அவர் கையில் அடிப்பாள்.

அவர் போன அன்று சாயங்காலம் மழை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் நெளிந்தபோது, எதிர்வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, பின்சீட்டில் படுக்கவைத்து அவளே ஓட்டினாள். பாலத்தின் நடுவில் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நிமிஷம் கடகடவென்று இரும்புப் பெட்டிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. மழை மட்டும்.

"வந்து பக்கத்துல உக்காரு" என்றார் அவர்.

"கொஞ்சம் இருங்க. யாராச்சும் நிறுத்துவாங்க."

முந்தானையை ஆட்டி ஆட்டிப் பார்த்தும் நாலு வண்டி நிற்காமல் போனது. ஐந்தாவது நின்றது. திரும்பிப் பார்த்தபோது அவர் கண் திறந்திருந்தது, அவர் இல்லை.

எஞ்சினைப் பிரித்தவன், டிப்போவில் அவரிடம் வேலை பழகிய மெக்கானிக். நாற்பது வயசு ஆள். பாகங்களைச் சாக்கில் பரப்பி வைத்துவிட்டு, "ஒரு சொட்டு எண்ணெய் இல்லம்மா உள்ள. வாரா வாரம் பாத்தேங்கறீங்களே, எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டான். அவள் கம்பியை எடுத்து நடந்து காட்டினாள், நுனி மேலே, துணி கீழே.

"தலைகீழாப் பிடிச்சா நுனில இருக்கற எண்ணெய் கைப்பிடிப் பக்கம் இறங்கும்மா. அடில கொஞ்சமே இருந்தாலும் மேல் கோடு வரைக்கும் நனைஞ்சு, ஃபுல்லுன்னு காட்டும். எடுத்த இடத்துலயே, நுனியக் கீழ வச்சுப் பாக்கணும்." அப்புறம் தலையைச் சொறிந்தான். "ஐயாவா பாத்தாரு? ஐயாவுக்குமா தெரியல?"

"கண்ணு மங்கியிருக்கும்" என்றாள் அவள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம், வண்டி மக்கர் பண்ணிவிட்டது என்று மட்டும் சொன்னாள். நான்தான் கொன்றேன் என்று ஃபோனில் எப்படிச் சொல்வது? மெக்கானிக்கை விட்டு எஞ்சினுக்கு உயிர் கொடுத்து, கழுவித் துடைத்து, ஷெட்டில் நிறுத்தினாள். இருவரும் படுத்த படுக்கையறையைச் சாத்திவிட்டுக் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டாள்.

"வித்துத் தொலைம்மா. யாரை ஏத்திட்டுப் போகப்போற?" என்று மகள் கேட்டாள்.

அவள் ஃபோனை வைத்துவிட்டுப் போய்க் காரின் தூசியைத் துடைத்தாள்.

சொட்டு விழுந்த அன்று கம்பியை உருவினாள். நுனியைக் கீழே வைத்துப் பார்த்தாள். போன மாதம் மேல் கோட்டில் நின்ற எண்ணெய், கீழ்க் கோட்டுக்கு வந்திருந்தது. மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டாள்.

அவன் சட்டையைக் கழற்றி வண்டிக்கு அடியில் நுழைந்து டார்ச் அடித்துப் பார்த்தான். தரை, தூசி படிந்து காய்ந்து கிடந்தது.

"ஒழுகலையேம்மா. சரி, இந்த எண்ணெயவே மாத்திடலாம். அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்தறீங்கல்ல? அது வண்டிக்கு நல்லது பண்ற மாதிரி கெட்டது பண்றது. முழுசாச் சூடாகாது, உள்ள தண்ணி கோத்துக்கும். எண்ணெய் மோர் மாதிரி ஆயிடும். ஓட்டினா அரைமணி நேரம் ரோட்டுல ஓட்டணும்."

"ரோட்டுக்கு எடுக்கமாட்டேன் தம்பி."

"அப்ப காலண்டர் பாத்து மாத்துங்க. ஓடற வண்டிக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு. நிக்கற வண்டிக்கு மாசக் கணக்கு. ஆறு மாசம், மிஞ்சினா ஒரு வருஷம்."

உதிரிபாகக் கடைக்கு அவனோடு போனாள். டயர் வாசனையும் அட்டைப்பெட்டி வாசனையும் சேர்ந்து அடிக்கிற ஒடுக்கமான கடை. கடைக்காரர் பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"முழு சிந்தெடிக். தண்ணி மாதிரி ஓடும். ஸ்டார்ட் பண்ணின நிமிஷம் மேல ஏறிடும்."

"மேலயும் ஏறும், ரப்பர் சீல் வழியா வெளியவும் ஓடும்" என்றான் மெக்கானிக். "முப்பது வருஷ வண்டிண்ணே. கிழவனுக்கு ஜீன்ஸ் மாட்டி விடாதீங்க."

"அப்ப இருபது–ஐம்பது கிரேடு ஆயில் எடுத்துக்க. கெட்டியா நிக்கும்."

அவள் ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பின்பக்கம் படித்தாள். ஃபில்டர்களை வரிசையாக மேஜையில் வைக்கச்சொல்லி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றில் கருப்பு ரப்பர். இன்னொன்றில் ஆரஞ்சு நிறம், காது மடல் மாதிரி மெத்தென்று.

"இது என்ன?"

"அது உள் மூடிம்மா" என்றான் மெக்கானிக். "வண்டி நிக்கறப்ப ஃபில்டர்ல இருக்கற எண்ணெய் கீழ இறங்கிடாமப் பிடிச்சு வைக்கும். கருப்பு நாளாக நாளாக வறண்டு வெரச்சுக்கும். நிக்கற வண்டிக்கு ஆரஞ்சுதான்."

"இறங்காதுல்ல?"

"இறங்காது."

"ஒரு சொட்டுகூட?"

கடைக்காரர் சிரித்தார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறீங்களே! ஓடாத வண்டிக்கா இத்தனை?"

அவள் சிரிக்கவில்லை. மெக்கானிக் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவர் வாயை மூடிக்கொண்டு பொட்டலம் கட்டினார்.

அன்றே எண்ணெய் மாற்றினார்கள். பழையது சாம்பல் பூத்து வழிந்தது. புதுசு தேன் மாதிரி இறங்கியது. மேல் கோடு வரைக்கும் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி அளந்து, அவளையும் பார்க்கச்சொன்னான். கோட்டில் மயிரிழை பிசகாமல் நின்றது. வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துப் போட்டான்.

"ஒழுகினா இதுல தெரிஞ்சுடும். நிம்மதியாத் தூங்குங்க."

அடுத்த ஞாயிறு தரையில் மூன்று சொட்டு.

ஷெட் கதவருகே ஒன்று, கூடத்தில் ஒன்று, படுக்கையறை வாசலில் ஒன்று. ஒரு காலடிக்கு ஒன்று என்று சொல்லமுடியாது. மெதுவாக நடக்கிற யாரோ நின்று நின்று போன மாதிரி. அட்டையை இழுத்துப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் படுக்கலாம், அவ்வளவு சுத்தம். கம்பியை உருவினாள். எண்ணெய் பாதிக்கு வந்திருந்தது.

மெக்கானிக் வந்தான். புகை பார்த்தான். வண்டியின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தான். ஸ்டார்ட் செய்து காதை வைத்துக் கேட்டான். வண்டி பூனை மாதிரி உறுமியது.

"எரியவும் இல்ல, ஒழுகவும் இல்ல. எங்கதாம்மா போகுது?" குரல் இறங்கியது. "உள்ள யாராச்சும் கம்பிய எடுத்துட்டு நடக்கறாங்களா?"

"நான் ஒருத்திதானே இருக்கேன்."

அவன் மேற்கொண்டு ஒரு லிட்டர் ஊற்றினான். கடைக்காரருக்கு ஃபோன் போட்டு ஃபில்டரைக் குறை சொன்னான். அவர் அந்தப் பக்கம் கத்துவது அவளுக்கும் கேட்டது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தான்.

"அந்த ரூம்ல என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல. அவரு கட்டில்."

"திறந்து விடுங்க. ஒரு மாதிரி வாடை வருது."

அவள் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க சோபாவில் படுத்துக்கொண்டு வீட்டுக்குக் காது கொடுத்தாள். ஃப்ரிட்ஜ் தும்மி ஓய்வதையும், குழாயில் காற்று ஏறி இறங்குவதையும், வெளியே தெரு நாய் வாசற்படியில் உடம்பைச் சொறிந்துகொள்வதையும், இதற்கெல்லாம் அடியில், சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம், மெத்தையில் கனமான எதையோ புரட்டுகிற மாதிரி ஒரு முனகலையும் கேட்டாள். பழைய கட்டில், இரும்பு குளிருக்குச் சுருங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துணியில் தேய்த்த இரும்பும் வேகவைத்த ரப்பரும் கலந்த ஒரு வாசனை கதவிடுக்கில் வந்தது. டிப்போவிலிருந்து அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வருமே, அது. அந்த வாசனைக்கு ஒரு காலத்தில் அவள் வாசலில் காத்திருந்தாள். இப்போது போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு அழுதாள். பயமா, ஏக்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு விடிந்தது.

டிங். டிங்.

அவள் கண் திறந்து மேலே பார்த்தபடி கிடந்தாள். ஜன்னல் இப்போதுதான் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கனவு. கனவுதான்.

டிங். டிங்.

எழுந்தாள். ஷெட்டுக்குத்தான் போனாள். கால் அங்கேதான் போனது, பழக்கம். பானெட்டைத் தூக்கினாள். கம்பி இருக்கிற குழாயில் கம்பி இல்லை. வெறும் ஓட்டை. கருப்பாக, வாய் திறந்து.

எஞ்சின் மேல் கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

திரும்பினாள். சொட்டு. இன்னொரு சொட்டு. வரிசையாக. இப்போது எண்ணமுடியாது. கூடத்தைத் தாண்டி, அவள் தூங்கின சோபாவை ஒட்டி, தலைமாட்டில் கொஞ்சம் அதிகமாக, அங்கே நின்று பார்த்த மாதிரி. பிறகு கதவு வரைக்கும்.

கதவு திறந்திருந்தது.

உள்ளே போனாள். திரைச்சீலை பாதி விலகியிருந்தது, அவர் கம்பி பார்க்கிற அளவுக்கு. பக்கத்து மேஜையில் மடித்த துணி. துணி மேல் கம்பி. கட்டிலில் அவள் பக்கம் விரிப்பு வெள்ளையாக இருந்தது. அவர் பக்கம் கருத்து ஊறியிருந்தது. தலை. தோள். ஒட்டிக்கிடந்த வலது கை. மடங்கிப்போன வலது கால். இரண்டு வருஷம் அவள் புரட்டிப் புரட்டித் துடைத்த உடம்பின் அச்சு, இம்மி மாறாமல்.

விரலால் அழுத்தினாள். ஊறி வந்தது. தேன் நிறம். புதுசு. அவள் பார்த்துப் பார்த்து வாங்கின இருபது–ஐம்பது.

"எண்ணெய் பாத்தியா?"

குரல் மெத்தைக்குள்ளிருந்து வந்தது. கோணின வாயின் குரல்.

ஓடியிருக்கலாம். வாசல் நாலு எட்டுதான். ஆனால் பத்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது முந்திக்கொண்டது. கம்பியை எடுத்தாள். நுனியைக் கீழே வைத்தாள். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழ, அவர் பக்கம் நீட்டினாள்.

"பாத்தேங்க. இந்தத் தடவ சரியாப் பிடிச்சிருக்கேன், பாருங்க. அப்பல்லாம் தலைகீழாப் பிடிச்சேன். தெரியாமப் பண்ணிட்டேங்க. நீங்க நல்லா இருக்கணும்னுதான் வாரா வாரம் பாத்தேன். நான்தாங்க உங்கள... நான்தான்..."

மெத்தையிலிருந்து ஒரு கை எழுந்தது. இடது கை. எண்ணெய் முழங்கையிலிருந்து வழிந்தது. கட்டைவிரலில் பாதி நகம்.

கம்பியை நடுவில் பிடித்தது.

பிடுங்கவில்லை. அவள் விரல்கள் கைப்பிடியிலேயே இருந்தன. அது மெதுவாக, மிக மெதுவாக, பொறுமையாகக் கம்பியைத் திருப்பியது. குழந்தைக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. நுனி மேலே. கைப்பிடி கீழே. அவள் எப்போதும் ஏந்திவந்த மாதிரியே.

எண்ணெய் இறங்கியது. கீழ்க் கோடு. மேல் கோடு. தாண்டி, அவள் விரலில். மணிக்கட்டில். வெதுவெதுப்பாக.

"நிறைய இருக்கு" என்றார் அவர்.

ஒவ்வொரு ஞாயிறும் சொன்ன அதே குரல். யோசனையே இல்லாமல். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படித்த கண். முப்பத்தெட்டு வருஷம் எஞ்சினோடு பேசின ஆள்.

"உங்களுக்குத் தெரியுமா?" அவளுக்கே கேட்காத குரலில் கேட்டாள். "ஏங்க... எண்ணெய் இல்லன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

கை கம்பியை விட்டது. மெத்தையில், தனக்குப் பக்கத்தில், வெள்ளை விரிப்பின் மேல் இரண்டு தட்டு தட்டியது.

"வந்து பக்கத்துல உக்காரு." பாலத்து மழையில் சொன்ன அதே வார்த்தை.

தட்டின இடத்தில் கறை விழவில்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, அவள் வழக்கமாகத் தலை வைக்கிற இடத்தில், உள்ளேயிருந்து ஒரு சொட்டு ஊறி மேலே வந்தது. மிளகளவுக்கு. தேன் நிறத்தில். அது தலையாகி, தோளாகி, ஒருக்களித்துப் படுக்கிற ஒரு பெண்ணின் முதுகாக, மெல்ல விரிய ஆரம்பித்தது.